உம் கொட்டிய ஒலிபெருக்கி

மாசானமுத்துவுக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் மொத்தம் ஏழு. அவற்றை அவர் வரிசை மாறாமல்தான் சொல்வார். நடுவில் யாராவது தும்மினாலும் முதலிலிருந்து தொடங்கிவிடுவார் என்பதால், தருவைமேட்டில் அவர் பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தும்மலை அடக்கிக்கொள்வார்கள்.

முதலாவது, ஒன்பதாவது வயதில், மாசானம் என்பது சுடுகாட்டுப் பேர், ரிஜிஸ்டருக்கு ஆகாது என்று சொல்லி ஒரு வாத்தியார் அவரை மாசிலாமணி என்று எழுதிவிட்டதும், அதைத் திருத்த அவர் பதினேழு மனு கொடுக்க வேண்டிவந்ததும். இரண்டாவது, பத்தொன்பதாவது வயதில், உப்பளத்தைப் பார்வையிட வந்த அதிகாரி போட்டோ எடுத்து முடிக்கும்வரை எல்லார் மூக்கிலும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்ட கங்காணி, அதிகாரியின் ஜீப்பு திரும்பியதும் ஒரு பனங்கூடையைக் கொண்டுவந்து அவ்வளவு கண்ணாடியையும் திரும்ப வாங்கிக்கொண்டது. மூன்றாவது, வேலைநிறுத்தத்தின் முதல் நாள் காலை, நடுவில் கரண்டு போய்வந்ததையும் பொருட்படுத்தாமல் அளம் முழுவதையும் தன் பேச்சால் நிறுத்திவைத்த அவருடைய இடது தோள்பட்டையைப் போலீஸ் முறித்துவிட்டு, மேடையிலிருந்து தானாக விழுந்தார் என்று எழுதிக்கொண்டது. நான்காவது, மாவட்டத் தொழிற்சங்க வரலாறு என்று வெளிவந்த புத்தகத்தில் அவருடைய போட்டோவுக்குக் கீழே வேறொருவர் பேர் அச்சானது. ஐந்தாவது, பஞ்சாயத்துத் தேர்தலில் அவர் மூன்று ஓட்டில் தோற்றது. அந்த மூன்றும் அவர் வீட்டு ஓட்டு. ஆறாவது, பொதுக்குழு கூடி அவரைச் செயலாளர் பதவியிலிருந்து இறக்கி, கௌரவ ஆலோசகர் என்று சொல்லி ஒரு பொன்னாடையைப் போர்த்தியது. அந்தப் பொன்னாடையின் ஓரத்தில் இருந்த ஊதுபத்தி சுட்ட ஓட்டை அவருக்கு நன்றாகத் தெரிந்த ஓட்டை, ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரே அதை இன்னொருவருக்குப் போர்த்தியிருந்தார். ஏழாவது, இருபத்தாறு வருஷம் அவர் குரலைச் சுமந்த வால்வு ஆம்ப்ளிஃபையரை மாடிப்படிக்கு அடியில் தள்ளி, அதன் தலையில் தண்ணீர்க் கேனை வைத்தது.

எட்டாவதை இழைத்தது அந்த ஆம்ப்ளிஃபையரேதான்.

தருவைமேட்டில் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே கண்ணுக்கெட்டிய மட்டும் உப்புப் பாத்தி. ரோட்டோரத்தில் உப்புத் தொழிலாளர் சங்கக் கட்டிடம், அதன் முன்னால் இடுப்புயரத்துக்கு ஒரு கருங்கல். அந்த வேலைநிறுத்தத்தில் சிறை சென்ற பதினொரு பேரின் பெயர்களைக் கல்லில் வெட்டி, பன்னிரண்டாவது வரியில் 'மற்றும் பலர்' என்று முடித்திருப்பார்கள். வருஷந்தோறும் மாசி பதினைந்தாம் தேதி சாயங்காலம் நான்கு மணிக்கு அந்தக் கல்லுக்கு முன்னால் கூட்டம் நடக்கும். மாசானமுத்து பதினொரு பெயரையும் வாசிப்பார். பதினொன்றாவது பெயர் அவருடையது. அதை வாசிக்கும்போது மட்டும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார், பார்க்காமலே தெரியும் என்று காட்டுவதற்கு.

அந்த வருஷம் நாற்பதாவது வருஷம். புதிய செயலாளர் ஜெபஸ்டின் அவரைக் கூப்பிட்டனுப்பினான்.

"அண்ணாச்சி, இந்தத் தடவ பெருசாப் பண்ணுதோம். பாக்ஸ் செட்டு சொல்லியாச்சு. பேரெல்லாம் ஒரு பிள்ளை அழகா வாசிச்சு பென் டிரைவுல ஏத்திக் குடுத்துருக்கு. நீங்க மேடையில உக்காந்தாப் போதும்."

"நான் உக்காந்து நீ எந்தக் கூட்டத்துல பாத்துருக்க?"

"வயசாயிட்டுல்லா."

"பதினொரு பேருல பத்துப் பேரு போயாச்சு. மிச்சம் நான் ஒருத்தன். அந்தப் பென் டிரைவு எத்தன நாளு ஜெயில்ல இருந்துச்சுன்னு கேட்டுச் சொல்லு, அதுக்கப்புறம் வாசிக்கட்டும்."

ஜெபஸ்டின் தலையைச் சொறிந்துகொண்டு மாடிப்படிக்கு அடியில் கையைக் காட்டினான். "சரி. அந்தப் பெட்டி பேசிச்சுன்னா நீங்களே வாசிங்க. பேசலைன்னா பென் டிரைவு. நான் சொன்ன வாக்கு மாற மாட்டேன்."

இருபத்தொரு நாள் இருந்தது. மாசானமுத்து தண்ணீர்க் கேனை இறக்கிவைத்துவிட்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

அதன் உட்புறத்தை அவர் அதுவரை கண்டதில்லை. ஆனால் அதைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் வைத்திருந்தார். அவர் கற்றதெல்லாம் துண்டுப்பிரசுரத்தில்தான். கூலி உயர்வு, கிரகணம், காசநோய், உபரி மதிப்பு, தென்னையில் சிவப்புக் கூன்வண்டு, எல்லாவற்றையும் பதினாறு பக்கத்துக்கு மிகாமல் அறிந்திருந்தார், பதினாறு பக்கத்துக்கு மேல் போகிற எதிலும் முதலாளியின் கை இருக்கிறது என்பது அவர் முடிவு. 'ஒலிபெருக்கிப் பழுதும் ஒன்பது வழியும்' என்ற அந்தப் பிரசுரம் சரியாகப் பதினாறு பக்கம்.

முதல் வழிப்படி பிளக்கையும் வயரையும் பார்த்தார். வயரை எலி கடித்திருந்தது, மாற்றினார். இரண்டாவது வழிப்படி ஃபியூஸைப் பார்த்தார்; அதன் இடத்தில் யாரோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள், அதை எடுத்துவிட்டு நல்ல ஃபியூஸ் போட்டார். மூன்றாவது வழிப்படி மூடியைக் கழற்றினார். கட்டைவிரல் தண்டியில் நான்கு கண்ணாடி வால்வுகளும், அவற்றுக்குப் பின்னால் உப்புக் காற்றில் துருவேறிய டிரான்ஸ்பார்மரும், பக்கத்தில் அலுமினியக் குப்பிபோல இரண்டு கண்டென்சரும் நின்றன. பிளக்கைப் பிடுங்கியாயிற்றே என்ற தைரியத்தில் அந்தக் குப்பியின் காலை ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். பெட்டி அவரை மூன்றடி தள்ளிப் போட்டது.

சங்கக் கட்டிடத்தின் முன்னறையில் மிக்ஸியும் கிரைண்டரும் ரிப்பேர் பார்க்கும் பிரகாசி, சத்தம் கேட்டு வந்து, அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாள்.

"பிளக்கப் புடுங்கிட்டா செத்துரும்னு நெனச்சீங்களாக்கும், பெரியப்பா. இது மிக்ஸி இல்ல. உள்ள வச்சிக்கிட்டேதான் இருக்கும்."

"எத்தன நேரம் வச்சிருக்கும்?"

"அது அதுக்க குணத்தப் பொறுத்து."

அவள் ஒரு வயர்த் துண்டால் குப்பியின் காலைத் தகரத்தோடு தொடவைத்து, உள்ளே தேங்கியிருந்ததைப் படாரென்று இறக்கினாள். ஈயம் வைக்கிற அயனைக் கையில் கொடுத்து, கண்டென்சர் இரண்டையும் அவரையே மாற்றச் சொன்னாள். முதல் ஈயத்தை அவர் மேஜையில் வைத்தார், இரண்டாவதைத் தன் வேட்டியில் வைத்தார், மூன்றாவது வைக்கவேண்டிய இடத்தில் நின்றது. ஐந்தாம் நாள் காலை, ஒலிபெருக்கியின் கூம்புக் குழாயைக் கட்டிடத்து உச்சியில் அளத்தைப் பார்த்துக் கட்டி, சுவிட்சைப் போட்டு, நான்கு வால்வும் மெல்லச் சிவந்து வருகிறவரை காத்திருந்து, மைக்கின் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ஹலோ. சோதனை. ஒன்று, இரண்டு, மூன்று."

அவர் சொன்னது குழாயில் வரவில்லை. அவர் சொல்லி முடித்த பிறகு குழாய், அடிவயிற்றிலிருந்து, நாலு மைலுக்குக் கேட்கும்படி, "உம்" என்றது.

"எர்த்துக் கோளாறு," என்றாள் பிரகாசி. "எர்த் இல்லைன்னா உம்முன்னுதான் இரையும்."

ஐந்தாவது வழியும் அதையே சொன்னது. எர்த்துக்கு ஒரு கம்பியை ஈரமண்ணில் அடித்தார்கள். மறுபடியும் மைக்கின் முன்னால் நின்றார். அவர் பேசும்போது குழாய் பேசாமல் இருந்தது. அவர் நிறுத்தியபோது "உம்" என்றது. அவர் வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டபோது அது பொறுமையாகக் காத்திருந்தது. பிரகாசி அயனைக் கீழே வைத்தாள்.

"இது இரையல, பெரியப்பா. உம் கொட்டுது."

தருவைமேட்டில் அதைக் கேட்டு யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. கதை சொன்னால் உம் கொட்ட ஓர் ஆள் வேண்டும் என்பதும், அந்த ஆள் கிடைப்பதில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கிடைத்தது மனுஷனா பெட்டியா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. அன்று காலை பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த வேலம்மாள், உச்சியிலிருந்து வந்த உம்மைக் கேட்டு, தலையை நிமிர்த்தாமல், பலகையை இழுத்தபடியே, தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் மிக்சரை மட்டும் தின்றுவிட்டுப் போன கதையைத் தொடங்கினாள். குழாய் வேண்டிய இடத்திலெல்லாம் உம் கொட்டியது. அவள் முடித்ததும் பக்கத்துப் பாத்திக்காரி தொடங்கினாள். மத்தியானத்துக்குள் குழாய் பதினான்கு கதை கேட்டிருந்தது, உப்பும் வழக்கத்தைவிட ஒரு குவியல் கூடியிருந்தது.

மறுநாள் சங்கக் கட்டிடத்து வாசலில் வரிசை நின்றது. யார் ஏற்பாடு செய்தார்கள் என்று தெரியாமலே ஏற்பாடாகிவிட்டது: காலையில் அளத்து ஆட்களுக்கு, மத்தியானம் சோறு ஊட்டுகிற தாய்மாருக்கு, சாயங்காலம் சம்பந்தி சண்டைக்காரர்களுக்கு. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒரே சண்டையை இரண்டு விதமாகச் சொன்னார்கள். பெட்டி இருவருக்கும் ஒரே அளவாய் உம் கொட்டியது. இருவரும் ஜெயித்து வீடு திரும்பினார்கள், அந்த வீட்டில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஆள் குறைந்துவிட்டதாகப் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் வருத்தப்பட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை அவரே வரிசையில் வந்து நின்றார். அம்மன் கோயில் சாமியாடி பெட்டியை மூன்று முறை சுற்றிவந்து, சாமி என்றால் கேள்வியும் கேட்கும் பதிலும் சொல்லும், இது இரண்டும் செய்யவில்லை, ஆகையால் போட்டியில்லை என்று தீர்ப்புச் சொன்னார். உப்பு உற்பத்தியாளர் சங்கம் மட்டும் கூடி, தொழிலாளர் பேசுவதைவிட அவர்கள் பேசுவதை ஒன்று கேட்டுக்கொண்டிருப்பது ஆபத்தானது என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தை வாசித்து முடித்ததும் தூரத்தில் உம் என்று கேட்டது.

அதன்பேரில் சப்-இன்ஸ்பெக்டர் திரவியம் ஜீப்பில் வந்தார்.

"ஒலிபெருக்கி வைக்க அனுமதி இருக்கா?"

"இது ஒலியப் பெருக்கல சார்," என்றாள் பிரகாசி. "கேக்குது."

அவர் கொண்டுவந்த சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பேசுவதற்கு அனுமதி வேண்டும் என்று இருந்தது, கூடுவதற்கு வேண்டும் என்று இருந்தது, கேட்பதற்கு வேண்டும் என்று எங்கும் இல்லை. "அப்ப சரி" என்று தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன்னை மூன்று வருஷத்தில் ஐந்து ஸ்டேஷனுக்கு மாற்றிய கதையை நாற்பது நிமிஷம் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்தார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் உபகாரமாய் இருந்த அந்த உம், மாசானமுத்து ஒருவருக்கு மட்டும் அவமானமாய் இருந்தது. கேட்கிற மைக்கை வைத்துக்கொண்டு எந்த நாட்டிலும் புரட்சி நடந்ததாக எந்தப் பிரசுரத்திலும் இல்லை. பெட்டி பேசினால்தான் அவர் வாசிக்கலாம். வாசிக்காவிட்டால் அந்தக் கல்லும் அவரும் வேறு வேறு ஆகிவிடும், அதற்குப் பிறகு அவர் பஸ் ஸ்டாப்பில் தும்மலுக்குப் பயப்படுகிறவர்களின் நடுவே நிற்கும் ஒரு கிழவர், அவ்வளவுதான். வரிசை கலைந்த ஒரு மத்தியான வேளையில் அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அநியாயத்தை அந்தப் பெட்டிக்கே எடுத்துச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்.

முதலாவதைச் சொன்னார். "உம்" என்றது. இரண்டாவதைச் சொன்னார், கறுப்புக் கண்ணாடியை, பனங்கூடையை. "உம்" என்றது, சற்று இரக்கமாகவே. மூன்றாவதைச் சொன்னார்.

"உம்?" என்றது.

கடைசியில் தூக்கிக் கேட்டது. இன்னும் இருக்கிறதே, சொல்லும் என்று கேட்கிற உம். அவர் நான்காவதற்குப் போனார், பெட்டி போகவில்லை, "உம்?" என்றே நின்றது. முதலிலிருந்து தொடங்கினார். முதலாவதற்கு உம், இரண்டாவதற்கு உம், மூன்றாவதற்கு உம்? ஐந்து தடவை சொல்லிப் பார்த்தார். அளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், அந்தப் பெட்டி யாரையும் கேள்வி கேட்டு அவர்கள் கேட்டதில்லை.

எட்டாவது வழி இப்படி இருந்தது: 'மைக் பக்கமிருந்து ஒவ்வொரு வால்வாக உருவிப் பார்க்கவும். எதை உருவியதும் இரைச்சல் நிற்கிறதோ குறை அவ்விடத்தில் என்று அறியவும்.' பிரகாசி துணி சுற்றிய கையால் முதல் வால்வை உருவினாள், உம் நிற்கவில்லை. இரண்டாவதை உருவினாள், நிற்கவில்லை. மூன்றாவதை உருவியதும் நின்றது.

"கோளாறு மூணாவதுலதான், பெரியப்பா."

"வால்வத்தான சொல்லுத?"

"வேற எத சொல்லுவாங்க?"

மூன்றாவது வால்வை மாற்றினார்கள். பெட்டி மறுபடியும் மூன்றாவதுக்கே "உம்?" என்றது. மிச்சம் இருந்தது ஒன்பதாவது வழி: 'மேற்படி எட்டும் பலிக்காவிடில் உரியவரிடம் காட்டவும்.'

"உரியவருன்னா நாந்தான்," என்றாள் பிரகாசி. "நான் பாத்தாச்சு. எனக்குத் தெரிஞ்சு இதுல ஒரு குறையும் இல்ல."

அதற்குள் அந்தக் கேள்வி டீக்கடைக்குப் போய்விட்டது. பழைய செயலாளரிடம் பெட்டி என்ன கேட்கிறது என்று மூன்று கட்சி ஆனது. உறுமுகிறது என்றது ஒரு கட்சி. உம்மணாமூஞ்சிக்கு உம்தான் பதில் என்றது இன்னொன்று. மூன்றாவது கட்சி ரிடையரான தமிழ் ஐயா பொன்னம்பலம் ஒருவர் மட்டுமே, அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு இலக்கணம் சொன்னார்.

"உம்முங்கிறது இடைச்சொல், மாசானம். 'நானும்'னு ஒருத்தன் சொன்னா, கூட இன்னொருத்தர் இருக்காருன்னு அர்த்தம். சொல்லாம விட்டது ஒண்ணு மிச்சம் இருக்குன்னு காட்டுத உம்முக்கு எச்சவும்மைன்னு பேரு. உன் பெட்டி இரையல, உறுமல. எச்சம் எங்கன்னு கேக்குது."

"எல்லாத்தையும் சொல்லியாச்சு."

"மற்றும்?" என்றார் தமிழ் ஐயா.

டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள், கருவாடு காயப்போட்டிருந்த ஒரு முற்றத்தை. ஊரில் அந்தப் பெட்டியிடம் வந்து கதை சொல்லாத ஒரே ஆள் அங்கேதான் இருந்தாள்.

அவளைப் பலரக்கா என்பார்கள். வேலைநிறுத்தத்தில் சிறைக்குப் போனவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது ஆள் அவள். முதல் வருஷக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்தபோது மாசானமுத்து எழுதிக்கொடுத்த பட்டியலில் பதினொரு பேரும், அவளுக்குப் பதிலாக 'மற்றும் பலர்' என்பதும் இருந்தது. நோட்டீஸைப் பார்த்துக் கல் வெட்டினார்கள். "நோட்டீஸ்ல எடமில்ல" என்று அவர் அப்போது சொன்னார். பன்னிரண்டாவது வரிக்காரி என்று யாரோ கேலி தொடங்கி, மற்றும் பலர் என்றாகி, மற்றும் உதிர்ந்து பலர் மட்டும் நின்று, பலரக்கா ஆகி, ரேஷன் கார்டு எழுத வந்தவன் அதையே கேட்டு எழுதிக்கொண்டு பலரம்மாள் ஆக்கிவிட்டான். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அது பேர்தான். கேலி என்று தெரியாது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தபோது மாசானமுத்து ரோட்டைக் கடந்து போனார். அவள் கருவாட்டைத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"வாங்க செயலாளரே. பெட்டி என்ன சொல்லுது?"

"உம்முங்குது."

"அது எல்லாருக்குந்தான். உங்கள மட்டும் கேள்வி கேக்குதாமே."

அவர் காக்கையை விரட்டினார், ஏதாவது செய்யவேண்டும் என்று. "கூட்டத்துக்கு வந்துரு."

"எந்த வருஷம் வரல? நீங்க பதினொண்ணு வாசிச்சு எறங்குவீங்க, நான் பன்னெண்டாவது வரியா உக்காந்துட்டு எந்திச்சு வருவேன்."

"இந்த வருஷம் பேர வாசிக்கணும்."

"யாரு பேர?"

"உன் பேர."

"என் பேரு என்ன?"

அவள் இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"கார்டுல பலரம்மாள். ஓட்டு லிஸ்டுல பலரம்மாள். நான் செத்தா, மற்றும் பலர் காலமானார்னு போஸ்டர் அடிப்பானுவ, ஊரே செத்துட்டுன்னு வெளியூருக்காரன் பயந்து ஓடுவான். என்னப் பெத்தவ வச்ச பேரு தெரிஞ்ச ஆளு இப்ப ரெண்டே பேரு. ஒண்ணு நான், இன்னொண்ணு நீங்க. மறந்துட்டுன்னா சொல்லிருங்க, நானும் மறந்துருதேன், ரெண்டு பேருக்கும் பாரம் கொறையும்."

"மறக்கல."

"பெறவு என்ன?"

"பேரச் சொன்னா, நீ எதுக்கு ஜெயிலுக்குப் போனன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே. மைக்கில பேசுனதுக்குன்னு சொல்லுங்க. அன்னிக்கி நீங்க மூணு பக்கம் எழுதிட்டு வந்தீங்க. மைக் முன்னால நின்னீங்க. எதுத்தாப்புல நாலு லாரி போலீஸு. நின்னுக்கிட்டே இருந்தீங்க. ஆளுக பாத்தியில எறங்கப்போச்சு. நான் பெட்டியத் தலச்சுமையாக் கொண்டுவந்தவ, பக்கத்துல நின்னேன், மைக்கப் புடுங்கி, யாரும் எறங்காதீக, நான் எறங்கமாட்டேன்னேன். அவ்வளவுதான் நான் பேசுனது. நாப்பது வருஷமா கரண்டு போச்சுன்னு சொல்லிட்டுத் திரியிதீங்களே செயலாளரே, கரண்டு போயிருந்தா என் குரலு எப்படி நாலு மைலு கேட்டுது? கரண்டு போகல. உங்களுக்குத்தான் போச்சு."

காக்கை மறுபடியும் வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை அவர் விரட்டவில்லை.

"இன்னொண்ணும் கேட்டுக்கிடுங்க," என்றாள். "அன்னிக்கி போலீஸ்காரன் என் பேர எழுதும்போது, தகப்பன் பேரு கேட்டு, ஒரு எழுத்துத் தப்பாம எழுதி, ரெண்டு சாட்சிட்ட கையெழுத்து வாங்குனான். அடிச்சவன் எழுதிக்கிட்டான், சங்கத்துக்கு எடமில்லாமப் போச்சு. வாசிக்கதா இருந்தா அவன் எழுதுன மாதிரி வாசிங்க. சாட்சி வச்சு வாசிங்க. இல்லன்னா பென் டிரைவே வாசிக்கட்டும், அதுக்கு என் பேரு தெரியாது, அது மேல எனக்கு வருத்தம் இல்ல."

மாசி பதினைந்தாம் தேதி நான்கு மணிக்கு, கல்லுக்கு வலப்பக்கம் ஆளுயரத்துக்குப் பாக்ஸ் செட்டின் இரண்டு கறுப்புப் பெட்டிகள் நீல விளக்கோடு நின்றன. இடப்பக்கம் ஒரு ஸ்டூலில் ஆம்ப்ளிஃபையர் நான்கு வால்வும் சிவக்க உட்கார்ந்திருந்தது. ஊர் முழுவதும் வந்திருந்தது. ஜெபஸ்டின் பென் டிரைவைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அண்ணாச்சி, பேசுதான்னு பாப்போம்" என்றான், உள்ளூர அது பேசவேண்டும் என்று அவனுக்கே ஆசை இருந்தது.

மாசானமுத்து மைக்கின் முன்னால் வந்தார். முதல் பெயரை வாசித்தார். குரல் குழாய்க்குப் போகவில்லை, முன்வரிசைக்கே அரைகுறையாய்க் கேட்டது. குழாய் "உம்" என்றது. இரண்டாவதுக்கும் உம். மூன்றாவதிலிருந்து, பழக்கத்தில், ஊரும் சேர்ந்து உம் கொட்டியது. செத்துப்போன பத்துப் பேரும் ஒவ்வொருவராய் உம் வாங்கிக்கொண்டு போனார்கள். பதினொன்றாவதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தார்.

"உம்?" என்றது குழாய். ஊர் கொட்டவில்லை.

"மற்றும் பலர்," என்றார்.

"உம்?"

ஜெபஸ்டின் மெல்ல எழுந்து கறுப்புப் பெட்டியின் பக்கம் போனான். மாசானமுத்து அவனைக் கையமர்த்தினார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, மைக்குக்குக் கூட இல்லை, அந்தப் பெட்டியைப் பார்த்தே, முதல் அநீதியிலிருந்து தொடங்கினார். ஊர் பெருமூச்சு விட்டது. ஆனால் யாரும் தும்மவில்லை. முதலாவதற்கு உம். இரண்டாவதற்கு உம். மூன்றாவதில் நின்றார்.

"அன்றைக்குக் கரண்டு போகவில்லை," என்றார்.

"உம்," என்றது குழாய்.

"போனது என் குரல்."

"உம்."

"பேசியது வேறொருவர். நோட்டீஸில் இடம் இருந்தது. பதினோராவது வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம் இருந்தது, அதில் நான் ஒரு நட்சத்திரக் குறி போடச் சொன்னேன்."

பெட்டி "உம்," என்றது, தாழ்வாக, அதுவரை யாருக்கும் சொல்லாத குரலில், அத்தோடு அதன் இரைச்சல் முழுவதும் அடங்கி, வால்வுகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. பிரகாசி ஃபியூஸைப் பார்க்கக் குனிந்தாள். ஃபியூஸ் நன்றாகவே இருந்தது.

மாசானமுத்து கூட்டத்தைப் பார்த்தார். "ரெண்டு சாட்சி வேணும்."

யாருக்கும் புரியவில்லை. ஜீப்பில் சாய்ந்திருந்த திரவியம்தான் முதலில் வந்தார். போலீஸ்காரருக்கு அந்த வார்த்தை பழக்கம். தொப்பியை மாட்டிக்கொண்டு கல்லுக்கு ஒரு பக்கம் நின்றார். மறுபக்கத்துக்கு ஜெபஸ்டின் வந்தான், பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டே, அதை எங்கே போடுவது என்று தெரியாமல்.

"பேரு," என்றார் திரவியம், ஸ்டேஷனில் கேட்பதுபோல, நோட்டை விரித்து.

மாசானமுத்து வாயைத் திறந்தார். எதிரே நாலு லாரி இல்லை. தருவைமேடு மட்டும்தான் உட்கார்ந்திருந்தது, அவருக்கு உம் கொட்டியே களைத்துப்போன ஊர். ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு முன்னால் நின்ற மாதிரியே நின்றுகொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. பெட்டியைப் பார்த்தார், அது உதவிக்கு வரவில்லை, கேட்டு முடித்த ஒன்றுபோல் இருந்தது. ஜெபஸ்டின் தலை குனிந்தான். கடலோரத்து அளத்தில், யாரோ விட்டுவந்த ஒரு பலகை காற்றில் இழுபடுகிற சத்தம் கேட்டது.

கடைசி வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பலரக்கா உட்கார்ந்திருந்தாள். அவள்தான் சொன்னாள், அவசரப்படுத்தாமல், கதை கேட்கிறவள் சொல்கிற மாதிரி:

"உம்."

இருபத்தொரு நாளில் முதல் தடவையாக அந்தக் குழாய் அவருடைய குரலை எடுத்துக்கொண்டது. கல்லையும் கறுப்புப் பெட்டிகளையும் ரோட்டையும் தாண்டி, பாத்தி பாத்தியாக, நாலு மைலுக்கு, ஓர் எழுத்தும் தப்பாமல் கொண்டுபோனது:

"ஆவுடையப்பன் மகள், பேராச்சி."